ஸ்கேனுக்கு முன்

சிதம்பரத்தில் டாக்டர் அறையை விட்டு வந்து, அமிர்தம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வெயில் அவள் பாதத்தின்மேல் விழுந்து கிடக்கிறது, சுடுவது உறைக்கவில்லை. மகள் வினோதினி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள். "ரத்தத்துல லிவர் என்சைம் ஜாஸ்தியா இருக்கு, அவ்ளோதாம்மா. அப்படி இருக்கற பொம்பளைங்களுக்கு மார்புல கேன்சர் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு ஏதோ ஆராய்ச்சி சொல்லுதாம். எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்னாரு. வந்துடுச்சின்னா சொன்னாரு?" அமிர்தம் பாட்டிலை வாங்கவில்லை. உள்ளே அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவள் மகளின் கையைப் பிடித்து, முந்தானைக்குள் இடது மார்பின் ஓரத்தில் வைக்கிறாள். "பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சிடி," என்கிறாள், யாருடைய உடம்பைப் பற்றியோ சொல்வதுபோல. வினோதினியின் விரலில் சிறு கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. அவள் கையை எடுக்கவில்லை. அமிர்தமும் எடுக்கச் சொல்லவில்லை.