சுடுகாட்டுச் சந்தனம்

சிதைக்குத் தீ மூட்டிய கொஞ்ச நேரத்தில் மயானத்துக் கம்பத்தில் இருந்த கருவி அலறியது. புகையிலேயே மரத்தின் மரபணுவைப் படித்துச் சந்தனத் திருட்டைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கருவி, வன மரபியல் பேராசிரியர் தணிகாசலத்தின் வாழ்நாள் சாதனை. சிதையில் எரிந்துகொண்டிருந்தது அவர் மனைவி.

"அம்மா பூஜைக்கு அரைக்கிற கட்டைய நெஞ்சுல வச்சேன்," என்றான் மகன் சேந்தன். "நம்ம கொல்லையில தானா முளைச்ச மரம்."

"பதிவு பண்ணாத மரமா?" தணிகாசலத்துக்கு முதலில் வந்த கேள்வியே இதுதான்.

வனக்காவலர் தண்ணீர் வாளியோடு வந்து நின்றார். "அணைக்கணும் சார்."

"யார்கிட்ட பேசுறோம்னு தெரியுதா?" சேந்தன் பாய்ந்தான்.

"நல்லாத் தெரியும் தம்பி. அடுப்புல எரிஞ்ச ஒரு சந்தனச் சுள்ளிக்காக எங்கப்பாவ ஜெயிலுக்கு அனுப்புனது சாரோட சாட்சிதான். யாருக்கும் சலுகை கிடையாது, ஆதாரம் சாம்பலாகறதுக்குள்ள அணைச்சிடணும்னு எங்களுக்குக் கிளாஸ் எடுத்ததும் சார்தான்."

அப்பா ஒரு வார்த்தை சொல்லுவார் என்று சேந்தன் காத்திருந்தான். அவர் கம்பத்துக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேந்தன் வாளியைப் பிடுங்கி அப்பாவின் கையில் திணித்தான்.

"நீங்களே ஊத்துங்க."