பிளேடு மாட்டினவன்

“மரத்தை அறுக்கல, புகைய விடுது. திருப்பி எடுத்துக்குங்க” என்று அறுவை மெஷினைக் கடைக்காரரின் மேஜைமேல் வைத்தேன்.

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது.”

“அவருக்குத் தையல் வேலை. தச்சு வேலை என்னோடது.”

கடையிலிருந்த தச்சர்கள் சிரித்தார்கள். கடைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“நானே சோதிக்காம ஒரு மெஷினும் இந்த வாசலைத் தாண்டாது. கோளாறு உங்க கையிலதான்.”

“திறக்கறதுக்கு முன்னாடி அந்த மூடியைக் கொஞ்சம்...”

“எனக்கே பாடம் எடுக்கறீங்களா?”

ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். பிளேடு மூடி கையோடு வந்தது. உள்ளே பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எல்லாரும் வந்து பாருங்கப்பா! பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கு. பல்லெல்லாம் பின்பக்கம் பாக்குது! எந்த மடையன் மாட்டினான்? பேரைச் சொல்லுங்கம்மா, கடைக் கண்ணாடியில ஒட்டறேன். போறவன் வர்றவன் பார்த்துச் சிரிக்கட்டும்.”

வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்த காகித சீல், அவர் நெம்பியதில் பிய்ந்து மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உரித்தெடுத்தேன். பசை இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. நேரே போய் வாசல் கண்ணாடியில் அழுத்தி ஒட்டினேன்.

தச்சர்கள் கூடி நின்று உரக்கப் படித்தார்கள்.

“சோதித்து, பிளேடு மாட்டி, சீல் வைத்தவர்: கடை உரிமையாளர்.”

கீழே கையெழுத்து. அதை மட்டும் மனுஷன் நேராகப் போட்டிருந்தார்.