எண்பத்தெட்டில் இறந்தவர்

தகப்பனாரின் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்.

அன்ரனெற் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

கொலிஜில் படித்த இரண்டு வருடமும் இதே படிப்பு உதவிப்பணத்துக்குத்தான் விண்ணப்பித்தாள். ஒருவரும் சான்றிதழ் கேட்டதில்லை. ‘விதவை’ என்ற கட்டத்துக்குள் அம்மா ஒரு புள்ளடி போட்டால் போதும்.

இது பல்கலைக்கழகம். கொலிஜ் பாடங்களை ஏற்றுக்கொண்டு நேரே மூன்றாம் வருடத்தில் இடம் தந்திருக்கிறார்கள். கோப்பும் புதிது, கேள்வியும் புதிது.

இன்று நாலரைக்குள் பத்திரங்கள் முழுமையாகாவிட்டால் உதவிப்பணம் இல்லை. அது இல்லாவிட்டால், செப்டெம்பரில் அவளும் அம்மாவோடு மோர்னிங்சைட் சந்தியில் காலை ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்து, பெட்டி ஒட்டும் தொழிற்சாலைக்குப் போகவேண்டியதுதான்.

சுவர் மணிக்கூட்டில் மூன்று ஐம்பது.

சான்றிதழுக்கு எங்கே போவது? அப்பா சாகவில்லை.

மன்னாரில் பஸ்ரியன் மாஸ்டர் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள்.

அவரைச் சாகடித்தவன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். எட்டு வருடத்துக்கு முன், எண்பத்தொன்பதில் அம்மாவையும் அவளையும் விமானம் ஏற்றும்போது, புருசனை எண்பத்தெட்டில் சுட்டுப்போட்டார்கள் என்று சொன்னால்தான் அகதிக் கேஸ் வெல்லும் என்று பாடமாக்கிக் கொடுத்தான். அம்மா அப்படியே ஒப்புவித்தாள். கேஸ் வென்றது.

செத்த மனிசனை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட முடியாது என்பது பிறகுதான் விளங்கியது.

அவர் கோபிக்கவில்லை. மாதத்தில் இரண்டு தரம் போன் கோல் எடுப்பார். “செத்தவன் கதைக்கிறன், அங்காலை ஆர்?” என்றுதான் தொடங்குவார். ஏப்ரலில் இருந்து மன்னாருக்கு லைன் கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். இந்தச் சண்டைக்குள் அது புதினமில்லை.

ஒவ்வொரு வருடமும் அந்தப் புள்ளடியைப் போட அம்மாவின் கை மறுக்கும். பேனையைக் கீழே வைப்பாள். சிலுவை அடையாளம் போடுவாள். பிறகுதான் எடுப்பாள். முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போய் அப்பாவின் ஆயுளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்த வருடம் இரண்டே இழுப்பில் போட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று அன்ரனெற் நினைத்தாள்.

இப்போது அந்தப் பெண் காத்திருந்தாள். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். ஊரிலிருந்து எடுப்பிக்க நாள் செல்லும் என்று சொல்லலாமா, சண்டையில் எரிந்துவிட்டது என்று சொல்லலாமா என்று அன்ரனெற் ஆங்கிலத்தில் வசனம் தேடினாள்.

அம்மா கைப்பையைத் திறந்தாள்.

நாலாக மடித்த ஒரு தாள். மன்னார்ப் பதிவாளரின் முத்திரை. பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பும் குத்தியிருந்தது. கண்ணாடிக்குக் கீழால் அதைத் தள்ளிவிட்டு, பையை மூடிக்கொண்டாள்.

அன்ரனெற்றுக்கு மூச்சு வந்தது. காசு கொடுத்தால் எந்தப் பத்திரமும் வரும் என்று சனம் கதைக்கக் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு இவ்வளவு துணிவு இருக்கும் என்று நினைத்ததில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு காதுக்குள் கேட்டாள்.

“ஆரைப் பிடிச்சுச் செய்விச்சனீங்கள்?”

அம்மா கண்ணாடிக்கு அப்பால் போன அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் சான்றிதழையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய பேனை முனை இங்கிருந்து அங்கே போனது. திரும்பி வந்தது. நின்றது.

இரண்டையும் அவர்கள் பக்கம் திருப்பினாள். படிவத்தில் 1988 என்று இருக்கிறது, சான்றிதழில் 1997 ஏப்ரல் 21, எது சரி என்று கேட்டாள்.

அன்ரனெற் அந்தத் திகதியை உற்றுப் பார்த்தாள். காசையும் வாங்கிக்கொண்டு வருசத்தைப் பிழையாக அடித்துக் கொடுத்திருக்கிறான், பாவி. இனிப் படிப்பு மட்டுமா போகும்? வருசம் பிழை, ஏதாவது சொல்லுங்கோ என்று உதடு அசையாமல் அம்மாவிடம் முணுமுணுத்தாள்.

அம்மா சான்றிதழைத் தொடவில்லை. படிவத்தை மகளுக்கு முன்னால் இழுத்து, அவள் எழுதியிருந்த 1988-இன் மேல் விரலை வைத்தாள்.

“உதைத்தான் வெட்டவேணும், பிள்ளை. உனக்கு அப்ப சோதினை நடந்துகொண்டிருந்தது.”