குவாரியில் ஓர் ஆட்டம்

புதிய விளையாட்டரங்கத்துக்கு நகரத்தில் எல்லோரும் காட்டிய இடம் ஏரி. மாநகராட்சிப் பொறியாளர் தில்லைவாணி மட்டும், ஏரியைத் தூர்க்க வேண்டாம், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் கட்டலாம் என்று விடாப்பிடியாக நின்றார். நிதி ஒதுக்க வேண்டிய அதிகாரி பெஞ்சமின் தலைநகரிலிருந்து வந்து வரைபடத்தைப் பார்த்தார்.

“இவ்வளவு தூரம் யாரும்மா வருவா?”

“ஞாயித்துக்கிழமை காலையில வந்து பாருங்க சார். பொண்ணுங்க ஹாக்கி ஃபைனல அங்கதான் வச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போகும்போது யாராவது வந்திருப்பார்களா என்று தில்லைவாணிக்கே சந்தேகமாக இருந்தது. குவாரியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. விளிம்புக்குப் போய் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பாறையில் வெட்டிய படிகள் முழுக்க, அடிவரைக்கும் ஜனங்கள். தங்கள் பேச்சு பாறைச் சுவர்களில் மோதிப் பெரிதாகத் திரும்பி வந்ததைக் கேட்டபின், அத்தனை பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

“எப்படி வந்தாங்க?” என்று பெஞ்சமின் கிசுகிசுத்தார்.

“நடந்துதான் சார். இங்க பஸ் கிடையாது.”

கீழே ஒரு பெண் பந்தை அடித்தாள். அந்த ஒற்றை ஓசை பாறைகளில் ஏறி வந்து அவர்கள் நெஞ்சில் மோதியது. கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரத்தில் காலடிக் கல் அதிர்ந்தது.

“கொஞ்சம் உக்காருங்க, மறைக்குது,” என்றாள் பின்னால் மேட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள். பெஞ்சமின் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“சார், நிதி விஷயம்…” என்று தில்லைவாணி குனிந்தார்.

“இருங்கம்மா,” என்றார் அவர், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆட்டம் முடியட்டும்.”