நர்ஸ் பொம்மை சொன்னது

ஒரு விடுகதை. ஊசி போட மாட்டார், மருந்து எழுதித் தர மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். தரையில் உட்கார்ந்துகொண்டு ஐம்பது நிமிஷம் பொம்மை விளையாட்டு பார்ப்பார். ஆனாலும் அவர் டாக்டர். எப்படி?

விடை தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஐந்து மாதமாக வாரத்துக்கு இரண்டு முறை மகளை அவரிடம் அழைத்து வந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கே தெரியவில்லை.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் வாயாடி என்று பெயர். ஒரு நாள் திடீரென்று அந்த வாயாடியின் பேச்சு நின்றுபோனது. தொண்டையில் கோளாறு இல்லை, காதில் கோளாறு இல்லை என்று மூன்று ஆஸ்பத்திரிகள் எழுதிக் கொடுத்துவிட்டன. நான்காவதாக வந்து சேர்ந்ததுதான் இந்த உளப்பகுப்பாய்வு மையம். மனசுக்குள் மூடி வைத்ததை விளையாட்டிலும் கனவிலும் தேடுகிற இடமாம்.

"பழுது எங்கேன்னு தேடாம லிஃப்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா, என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க டாக்டரம்மா" என்று ஒரு நாள் மெக்கானிக் சொல்லியே விட்டார்.

"லிஃப்ட் பாதியில நின்னுட்டா, முதல்ல என்ன செய்வீங்க?"

"உள்ளே யாராவது இருக்காங்களான்னு குரல் கொடுப்பேன்."

"நானும் அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

போன மாதம் உள்ளேயிருந்து பதில் வந்தது. "பசை வேணும்" என்றாள் மகள், கால் உடைந்த பொம்மையைக் காட்டி. அடுத்த வாரம் வீட்டிலும் பேசிவிட்டாள்.

இன்று குறிப்பு வாசிக்கும் நாள். அந்த மையத்தில் அப்படி ஒரு வழக்கம். ஆராய்ச்சிக்காகக் குழந்தையைப் பற்றி எழுதியதைப் பெற்றோரையும் குழந்தையையும் உட்கார வைத்து வாசிப்பார்கள். குழந்தை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவார்கள்.

"நம்ம வீட்டு விஷயம் அவங்க ஆராய்ச்சிக்கு எதுக்கு? என் பொண்ணு என்ன சோதனை எலியா?" காலையிலிருந்து மெக்கானிக் மனைவியிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம பொண்ணு பேசிட்டாளேங்க. அவங்க கேட்டா நான் ரெண்டு கையாலயும் கையெழுத்து போடுவேன்."

அவருடைய பயம் அவருக்குத்தான் தெரியும். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்கு, வராந்தாவில் அவர் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அது இந்தக் குறிப்பில் இருந்தால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

டாக்டரம்மா வாசிக்க ஆரம்பித்தார்.

"'அம்மா வயிற்றில் இருந்த பாப்பா வேண்டாம் என்று இவள் ஒரு நாள் கோபத்தில் சொன்னாள். இரண்டு நாளில் பாப்பா வயிற்றிலேயே இறந்துபோனது. தான் சொன்னதால்தான் அப்படி ஆயிற்று என்று நம்பினாள். மறுபடி வாயைத் திறந்தால் இன்னொருவர் போய்விடுவார் என்று பயந்து பேச்சை நிறுத்தினாள்.'"

தலை நிமிர்ந்தார். "சின்னப் பிள்ளைங்களுக்கு நினைக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும் நடுவுல சுவர் கிடையாது. இப்படிப் பேச்சு நின்னுபோன மத்த பிள்ளைங்களைப் புரிஞ்சுக்க இது உதவும்."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"'இந்த நம்பிக்கையை உறுதியாக்கிய வாக்கியம் ஒன்று உண்டு. பொம்மை விளையாட்டில் அது பதினோரு முறை வந்தது. உன் வாயாலதான் பாப்பா போச்சு.'"

மெக்கானிக் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"'சொன்னது, நர்ஸ் பொம்மை.'"

அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அம்மா எழுந்தே விட்டாள். "எந்த நர்ஸ்? குழந்தைகிட்டே சொல்ற பேச்சா இது? நாளைக்கே போய்ப் புகார் எழுதிக் கொடுக்கிறேன். வேலை போகட்டும், அப்பதான் புத்தி வரும்."

டாக்டரம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியில் நகர்ந்து நகர்ந்து அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இவள் விளையாட்டில்கூட அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர் இப்போது வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், தப்பித்துவிடலாம்.

"நர்ஸ் இல்ல" என்றார். "நான்தான் சொன்னேன்."

மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ உள்ளே கிடக்கிறே. பாப்பா போயிடுச்சுன்னு வந்து சொல்லிட்டாங்க. யார் மேல கொட்டுறதுன்னு தெரியாம இவ மேல கொட்டிட்டேன்." மகள் பக்கம் திரும்பினார். "பாப்பாவோட இதயத்துலயே குறை இருந்துச்சும்மா. டாக்டர் அப்பவே சொல்லிட்டார். உன்கிட்டே அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. உன் வாயால ஒண்ணும் ஆகல."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை மாசம் இதை உள்ளே வெச்சுக்கிட்டு எப்படிங்க சோறு இறங்கிச்சு?"

"எங்கே இறங்கிச்சு? பெல்ட்டுல ரெண்டு புது ஓட்டை போட்டிருக்கேன்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"நீ அப்பாவைத் திட்டுவியேன்னுதான் நர்ஸ் பொம்மையைச் சொல்ல வெச்சேன்" என்றாள் மகள்.

"திட்டத்தான் போறேன். வீட்டுக்குப் போய்."

அந்த 'வீட்டுக்குப் போய்' மெக்கானிக்குக்குப் போதுமாக இருந்தது.

டாக்டரம்மா காகிதத்தையும் பென்சிலையும் மகள் முன்னால் வைத்தார். "இந்த வரியை எப்படி வெச்சுக்கலாம்? நீ சொல்றதுதான்."

"அப்பான்னே எழுதும்மா" என்றார் மெக்கானிக். "பரவாயில்ல."

மகள் பென்சிலை எடுத்தாள். 'நர்ஸ் பொம்மை' என்பதை அடித்தாள். அதற்கு மேலே, 'அழுதுகொண்டிருந்த ஒருத்தர்' என்று எழுதினாள்.