ஹோம் எடிஷன்

விண்டோஸ் எக்ஸ்பி ஹோமுக்கும் புரபஷனலுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எட்டாவது ஆளுக்குச் சொல்லி முடித்தபோது செல்வினுக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. கிழக்கேகோட்டைக் கம்ப்யூட்டர் கடையில் நாலு வருஷமாக இதே பேச்சுதான்.

அப்போதுதான் வலியசாலை சூடாமணி மாமி மூன்றாவது நாளாகப் படியேறி வந்தார்.

“புதுக் கம்ப்யூட்டர்லே எதைப் போடறதுன்னு இன்னொரு தடவை சொல்லுப்பா.”

செல்வின் அலுப்பை விழுங்கிக்கொண்டான். “வீட்டுக்கு ஹோம் போதும் மாமி. புரபஷனல்னா, பெங்களூர்ல இருக்க உங்க மகன் அங்கேயிருந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து எல்லாத்தையும் சரி பண்ணிரலாம், பாத்துக்கிடுங்க.”

“ஹோம்லே அப்படி வர முடியாதோ?”

“முடியாது.”

“நிச்சயமா?”

“சத்தியமா மாமி.”

தனியாக இருக்கிற மனுஷி. செல்வினுக்கு மனசு இளகிவிட்டது. “புரபஷனலே போட்டுத் தாரேன். விலையைக் குறைச்சுக்கலாம்.”

“என் பிள்ளை சுமந்த்தும் அதைத்தான் வாங்கச் சொன்னான்.” மாமி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ ஹோமே போடு.”

“அப்புறம் ரிப்பேர் வந்தா?”

“முன்னெல்லாம் ரிப்பேர்னு சொன்னா உடனே ரயிலேறி வந்துடுவான். ரெண்டு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போவான். பழைய கம்ப்யூட்டர்லே புரபஷனல் போட்டதுக்கப்புறம் அங்கேர்ந்தே சரி பண்ணிடறான். அவன் வந்து ரெண்டு வருஷமாச்சு.”

செல்வின் பில் புத்தகத்தை எடுத்தான்.

“ஏம்ப்பா, ஹோம் அடிக்கடி ரிப்பேராகும், இல்லையோ?”

வருகிறவர்களிடமெல்லாம் ஆகவே ஆகாது என்று சொல்லிப் பழகியவன், “ஆகும் மாமி” என்றான்.