அருளம்பலத்தாரின் மணி

கல்யாணசுந்தரம் மைக்கைப் பிடித்துப் பதினொரு நிமிடமாகிவிட்டது. அவருக்குக் கொடுத்தது ஐந்து.

முன்வரிசையில் தர்சினி பேச்சாளர் பட்டியலை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பள்ளிக்கூடம், முதியோர் சங்கம் என்று ஏழு பேர். கல்யாணசுந்தரம்தான் ஏழாவது. எட்டாவதாக, வீட்டார் சார்பில், அவள் பெயர்.

பெட்டிக்குள் அவளுடைய அப்பப்பா அருளம்பலத்தார், பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கிடந்தார்.

இன்னும் ஒன்பது நிமிடத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள். அடுத்த செத்தவீட்டுச் சனம் வெளியே கார் தரிப்பிடத்தில் வந்து நின்றுவிட்டது. மண்டபத்துக்குப் பொறுப்பான கறுப்புக் கோட்டுக்காரர், வெள்ளைக்கார மனிதர், இரண்டு தரம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மூடுமுன் அவள் ஒன்று சொல்ல வேண்டும். எல்லார் முன்னிலையிலும், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு நாளாக அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாமல் அவரை அனுப்பிவிட்டால், இனி ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்காது.

இதெல்லாம் கல்யாணசுந்தரத்துக்கு எங்கே தெரியப்போகிறது! நம்மவர் கையில் மைக் அகப்பட்டால் உடும்புப்பிடிதானே.

மனிதர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மெல்பேர்ணின் நோபல் பார்க் பகுதியில் புதிதாக வந்திறங்கிய குடும்பங்களுக்குக் கட்டிலும் ஃபிரிட்ஜும் தேடிப்பிடித்து, தன் பழைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியவர் அருளம்பலத்தார்தான். தான் மாஸ்ரராகப் படிப்பித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நாடகத்துக்கு ஐஸ்கிறீம் வாளிகளை வெட்டி ஒட்டி இராவணனுக்குப் பத்துத் தலை செய்தவரும் அவர்தான். அந்தத் தலைகளைச் சுமந்த பையன் இன்று பல் டொக்டராக மூன்றாம் வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்தான்.

பிறகு கல்யாணசுந்தரம் எல்லாரும் காத்திருந்த இடத்துக்கு வந்தார்.

"மாஸ்ரரின்ர மணியை மறக்கேலுமோ?"

மண்டபமே சிரித்தது.

மறக்க ஏலாதுதான். முப்பது வருடமாக மெல்பேர்ண் தமிழ்க் கூட்டங்களில் அந்த மணிக்குப் பயப்படாத பேச்சாளர் கிடையாது. பழைய சாமான் கடையில் வாங்கிய பித்தளை விளக்கு மூடியையும், முறிந்த கிரிக்கெட் மட்டையின் பிடியையும் பொருத்தி அவரே செய்த மணி. ஐந்து நிமிடம் முடிந்ததும் ஓர் அடி. சம்பந்தி என்றும் பார்க்கமாட்டார், சாமியார் என்றும் பார்க்கமாட்டார். அஞ்சு நிமிசம் எண்டால் அஞ்சு நிமிசம், ஆறாவது நிமிசம் அடுத்தவன்ர சொத்து என்பார்.

தனக்கு மூன்று தரம் மணி அடித்து இறக்கியதை ஏதோ பட்டம் வாங்கிய கதைபோலக் கல்யாணசுந்தரம் விரித்துச் சொன்னார். இறங்குகிற எண்ணம் மட்டும் வரவில்லை.

மணி தர்சினியின் கைப்பையில் இருந்தது. அப்பாவின் கால்மாட்டில் வைக்க வேண்டும், கொண்டுவா என்று சித்தப்பா அருந்தவன்தான் சொல்லியிருந்தார். நாக்கு ஆடிச் சத்தம் போடாதபடி அதைத் துவாயில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

சித்தப்பா காதுக்குள் குனிந்தார். "அடி பிள்ளை. அப்பாவே அடிச்ச மாதிரி இருக்கும். உனக்கும் கதைக்க நேரம் வேணுமெல்லே."

"ஏலாது சித்தப்பா."

கை பைக்குள் போனது. மட்டைப்பிடியின் ரப்பர் விரலில் பட்டதும் நெருப்பைத் தொட்டதுபோல வெளியே வந்துவிட்டது. ஒரே ஓர் அடி போதும். மனிதர் இறங்கிவிடுவார், அவளுக்கு நேரம் கிடைக்கும். அந்த ஓர் அடியைத்தான் அவளால் அடிக்க முடியவில்லை.

பதினைந்து நிமிடம். பதினாறு. கறுப்புக் கோட்டுக்காரர் மூன்றாம் தரம் வந்தார். இம்முறை போகவில்லை, பெட்டியருகிலேயே நின்றுகொண்டார்.

சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பையை இழுத்துத் துவாயை உதறி, மணியைத் தூக்கி அடித்தார்.

டாண்!

சிரிப்பும் அழுகையுமாகச் சனம் கைதட்டியது. "மாஸ்ரர் வந்திட்டார்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கல்யாணசுந்தரம் பாதி வசனத்தில் நிறுத்தி, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

தர்சினி அதற்குள் எழுந்துவிட்டாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது.

"வாறன் அப்பப்பா! இந்தா வாறன்!"

அவள் போட்ட சத்தத்தில் கைதட்டல் நின்றுபோனது. சித்தப்பா மணியின் நாக்கைக் கையால் பொத்திப் பிடித்தார்.

பாரிசவாதம் வந்து பேச்சுப் போன பிறகு, எட்டு மாதமாக அந்த மணி அருளம்பலத்தாரின் கட்டிலில்தான் கிடந்தது. தண்ணீருக்கு ஓர் அடி, திரும்பிப் படுக்க ஓர் அடி. வீட்டிலிருந்தே வேலை செய்கிற தர்சினிதான் ஒவ்வோர் அடிக்கும் ஓடுவாள்.

போன வியாழன் பகல் மணி அடித்தபோது லப்டொப்பில் அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"அஞ்சு நிமிசம் அப்பப்பா!" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

அவர் காத்திருந்தார். ஐந்து நிமிடம் முடிந்ததும் இன்னோர் அடி அடித்தார்.

கூட்டம் முடிந்து அவள் அறைக்குள் போனபோது இருபது நிமிடமாகியிருந்தது. மணி நிலத்தில் கிடந்தது. அவர் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

இப்போது மைக் காலியாக இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்துக் கறுப்புக் கோட்டுக்காரருக்கே மனம் இளகிவிட்டது. பரவாயில்லை என்று தலையசைத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

தர்சினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.